எல்லாருக்கும் இருபத்துநாலாயிரம்

13 ஜூலை 2002, சனி

மலையடிவாரக் காரவள்ளியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று இறங்கிய டிரைவர், டீ குடித்து, பேப்பரும் படித்துவிட்டுத்தான் ஏறினார். எழுபது வளைவையும் சுற்றிச் செம்மேட்டில் இறங்கும்போது பத்தரை. பத்து மணிக்கு வகுப்பு. பத்தொன்பது பிள்ளைகளும் கல்லூரியின் மலை மையத்துப் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சாவி என் கைப்பையில். நான் வாய் திறப்பதற்குள் முரளி, "பரவாயில்லீங்க மிஸ், நாங்க ஒம்பதரைக்கே வந்துட்டோம்" என்றான். ஆறுதல் சொன்னானா, குத்திக் காட்டினானா? அவனுக்கு இரண்டும் ஒரே குரலில்தான் வரும்.

மூன்றாம் ஆண்டு பொருளியலுக்கு இன்று தலைமுறை வருமானப் பாடம். அப்பா எந்தப் படியில் நின்றாரோ பிள்ளையும் அதே படியில் நிற்குமா, ஏறுமா, இறங்குமா? புத்தகத்தில் மூன்று பக்கம் இருக்கிறது. அதை வாசித்துக்காட்டினால் அவர்கள் தூங்குவதற்கு முன் நான் தூங்கிவிடுவேன். அதனால் கணினியில் செய்துகாட்டினேன். எக்செல் தாளில் நூறு கற்பனைக் குடும்பங்கள். முதல் பத்தியில் அப்பாவின் வருமானம். அடுத்ததில் பிள்ளையின் வருமானம். அதில் ஒரு பங்கு அப்பாவிடமிருந்து வரும், மீதி அதிர்ஷ்டத்திலிருந்து. அப்பாவிடமிருந்து எவ்வளவு என்பதை மேலே ஒரு கட்டத்தில் நாம் போடும் எண் முடிவு செய்யும். ஒன்று போட்டால் அப்பா எங்கேயோ பிள்ளையும் அங்கே. பூஜ்யம் போட்டால் அப்பா யாராயிருந்தாலும் கவலையில்லை. நான் 0.6 போட்டேன். எஃப்-9 விசையைத் தட்டினால் அதிர்ஷ்டம் மாறி நூறு பிள்ளைகளின் தலையெழுத்தும் புதிதாக வரும். தட்டித் தீர்த்துவிட்டார்கள். கடைசிக் குடும்பத்துப் பிள்ளை ஒருமுறை மேலே வந்ததற்கு முரளி எழுந்து நின்று கைதட்டினான்.

கலைமணி மட்டும் அந்த விசையைத் தட்டவில்லை. தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மிஸ், அந்தப் பாயிண்ட் ஆறு யாருங்க போட்டது?"

"நான்தான்."

"உங்களுக்கு யாருங்க சொன்னது?"

ஒரு வெளிநாட்டுக் கட்டுரையில் படித்தேன் என்றேன். "சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டாள். அவள் முகம் சரி என்று சொல்லவில்லை.

மூன்று வருடமாக அந்தக் கட்டத்தில் அந்த எண்ணைப் போடுகிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

16 ஜூலை

துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். பிப்ரவரியில் பல்கலைக்கழகக் குழு மலை மையத்தைப் பார்க்க வருகிறதாம். பிள்ளைகள் கணினியில் சொந்தமாக ஏதாவது செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த அணியோடு மையத்தை மூடிவிட்டு, கணினிகளைக் கீழே வணிகவியலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். "மலைமேல எதுக்கும்மா கம்ப்யூட்டர், நனைஞ்சு வீணாப் போகும்" என்றார். எட்டுக் கணினியில் இரண்டு இங்கேயிருந்து போகும்போதே வீணாய்ப் போனவை என்று சொல்ல நாக்கு துடித்தது. மணிக்கணக்குச் சம்பளக்காரி. வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

மூடினால் எனக்குச் சனிக்கிழமைச் சம்பளம் போகும். அது கிடக்கட்டும். இவர்களுக்குப் பின்னால் வரவேண்டிய பிள்ளைகளை நாமக்கல் விடுதிக்கு அனுப்பிப் படிக்கவைக்க எத்தனை வீட்டில் முடியும்? 

20 ஜூலை, சனி

வகுப்பில் சொல்லிவிட்டேன். வெளிநாட்டு எண் வேண்டாம், மலைக்கான எண்ணை மலையிலேயே எடுப்போம். அதைக் குழுவுக்குக் காட்டுவோம். முதலில் இந்தப் பத்தொன்பது பேர். அப்பாவின் ஆண்டு வருமானம், வேலைக்குப் போகும் அண்ணன் அல்லது அக்காவின் ஆண்டு வருமானம். அடுத்த சனிக்கிழமை எழுதி வரவேண்டும்.

எனக்கே கர்வமாக இருந்தது, இவ்வளவு நல்ல யோசனை எனக்கு வந்ததே என்று.

27 ஜூலை, சனி

கோபம் இன்னும் அடங்கவில்லை. கோபம் யார்மேல் என்பதுதான் மத்தியானத்துக்குள் மாறிவிட்டது.

பத்தொன்பது தாளிலும் அப்பாவின் வருமானம் இருபத்துநாலாயிரம். ஒன்றுவிடாமல். அண்ணன் அக்கா கணக்கு மட்டும் ஆளுக்கொன்று. இவங்களுக்காக நான் அங்க வாயை மூடிக்கிட்டு நின்னுட்டு வந்தா, இவங்க ஒருத்தன் தாளைப் பார்த்து ஒருத்தன் எழுதிட்டு வந்திருக்காங்களே! வாய்க்கு வந்தபடி பேசினேன். காப்பியடிக்கிறதுக்கா மலையேறி வரேன்? திருடறதையாவது ஒழுங்காத் திருட வேண்டாமா? "திரையைப் பாருங்க" என்று கணக்கைத் தட்டினேன். எண் வரவில்லை. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்ற பிழைதான் வந்தது. எல்லா அப்பாவும் ஒரே படியில் நின்றால் யார் ஏறினார், யார் இறங்கினார் என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

 கலைமணி எழுந்துவந்து ஒரு பிளாஸ்டிக் உறையை என் மேசைமேல் வைத்தாள். உள்ளே உதவித்தொகைக்கு வாங்கிய வருமானச் சான்றிதழ். ஆண்டு வருமானம் ரூபாய் இருபத்துநாலாயிரம் மட்டும். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. அவளுக்குப் பின்னால் முரளி. அவன் பின்னால் மற்றவர்கள். மேசைமேல் பத்தொன்பது உறை.

"நீங்க வருமானம்னு கேட்டீங்க மிஸ்" என்றாள் கலைமணி. "வருமானம்னா இதுதானுங்களே."

யார் யாரைப் பார்த்தும் எழுதவில்லை. உதவித்தொகை வரம்புக்குக் கொஞ்சம் கீழே ஓர் எண். கேட்கிறவருக்கும் நிம்மதி, எழுதுகிறவருக்கும் நிம்மதி. ஒரு ஏக்கர்க்காரருக்கும் அதுதான், ஏழு ஏக்கர் மிளகுக்காரருக்கும் அதுதான்.

எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். முரளி, "பரவாயில்லீங்க மிஸ்" என்றான். இந்த முறை அது ஆறுதல்தான்.

28 ஜூலை

சேந்தமங்கலத்து வீட்டுப் பரணில் ஏறி என் பழைய பெட்டியை இறக்கினேன். "வெள்ளையடிக்கிற நாளா இது?" என்று அம்மா கத்தினார். நான் பி.ஏ. சேர்ந்தபோது வாங்கிய சான்றிதழ் அடியில் கிடந்தது. தகப்பனார் ஜாபர் உசேன், மிளகு வியாபாரம், ஆண்டு வருமானம் பன்னிரண்டாயிரம்.

அத்தாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மேலே தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்ப எல்லாருக்கும் பன்னெண்டுதான் கண்ணு. அது ரேட்டு."

"மலையிலேருந்து மூட்டை கொண்டாந்து போட்டாங்களே, அவங்களுக்கு?"

"அவுங்களுக்கும் அதேதான்."

கொண்டுவந்தவருக்கும் பன்னிரண்டு, வாங்கி விற்றவருக்கும் பன்னிரண்டு. இந்த அழகில் நான் பிள்ளைகளைத் திருடர்கள் என்றேன். என் சான்றிதழை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். அடுத்த வகுப்பில் இருபதாவதாக இதையும் மேசைமேல் வைக்க வேண்டும்.

3 ஆகஸ்ட்

ஓரி மன்னன் விழா. செம்மேட்டில் கால் வைக்க இடமில்லை. வகுப்பும் இல்லை.

10 ஆகஸ்ட், சனி

என் சான்றிதழைக் காட்டியதில் வகுப்பே சிரித்தது. அந்தச் சூட்டோடு, இனி உண்மை வருமானத்தை எழுதுங்கள் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மத்தியானம் கலைமணியின் அப்பா அர்த்தனாரி வந்தார். மகள் சொல்லியிருக்கிறாள். ஒரு பலாப்பழத்தைத் தோளிலிருந்து இறக்கி வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே பேசினார்.

"ஏனுங்க மிஸ், நெசத்த எழுதுனா புள்ளைக்கு வர்ற உதவிப்பணம் நின்னு போயிருமுங்களா?"

இது வகுப்புக்குள் நடக்கும் கணக்கு, வெளியே போகாது, பெயர்கூட எழுத மாட்டோம் என்றேன்.

"நீங்க நல்லவங்கதானுங்க. ஆனா காயிதம் எங்க போவும்னு காயிதத்துக்கே தெரியாதுங்களே."

 அவர் சொன்னது சரி. பத்தொன்பது உதவித்தொகையைப் பணயம் வைத்து ஒரு மையத்தைக் காப்பாற்ற எனக்கு என்ன உரிமை? பலாப்பழத்தைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வளைவுக்கு வளைவு அது ஒருபக்கம் உருண்டது, நான் ஒருபக்கம்.

17 ஆகஸ்ட், சனி

கலைமணி கலைமணிதான்!

வகுப்பு தொடங்கியதும் எழுந்தாள். "வருமானம்னு கேட்டா எங்க ஊருல யாரும் நெசம் சொல்ல மாட்டாங்க மிஸ். ஆனா எந்த மாசம் குதிர் காலியாச்சுன்னு கேட்டா, கேக்காததையும் சேத்துச் சொல்லுவாங்க."

முரளி விடவில்லை. "இப்ப பாதி ஊட்டுல குதிரே இல்ல. மரவள்ளி போட்டுட்டுக் கடையரிசி திங்கறோம். அவங்கள என்னன்னு கேப்பே?"

பத்தொன்பது பேரும் ஒரு மணி நேரம் கத்தினார்கள். நான் ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் கேள்வி பிறந்தது: வருசத்தில் எந்தெந்த மாதம் உங்கள் வீட்டில் ஒரு வேளைச் சோறு குறைந்தது? தாத்தா காலத்துக்கும் இதைக் கேட்கலாம், அப்பா காலத்துக்கும் கேட்கலாம். சாமை தின்றவரையும் கேட்கலாம், கடையரிசி தின்பவரையும் கேட்கலாம். எந்த அலுவலகமும் இதை இதுவரை கேட்டதில்லை. அதனால் சொல்பவருக்குப் பயமும் இல்லை.

இது நான் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு வார்த்தைகூட நான் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கு ஏன் இவ்வளவு பெருமையாக இருக்கிறது?

9 நவம்பர், சனி

நோன்பு. எழுபது வளைவும் வெறும் வயிற்றில். அதற்கு மேல் பைல் நாட்டு ஊர்களுக்குப் பாதி தூரம் நடை. வீடு வீடாகக் கேட்கப் போகும் பிள்ளைகளோடு நானும் வருவேன் என்று முன்வந்த என் நாக்கை என்ன செய்வது?

நாற்பதாவது வீடு பாவாயி என்ற கிழவியுடையது. கேள்வியைக் கலைமணி கேட்டாள். அம்மாள் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஆடி, ஆவணி, புரட்டாசி. இப்போது ஆவணியில் பாதி. பிறகு வேகவைத்த மரவள்ளியைத் தட்டில் வைத்து என்முன் நீட்டினார். வேண்டாம், நோன்பு என்றேன்.

"நோம்புன்னா?"

"இந்த மாசம் முழுக்கப் பகல்ல சாப்பிட மாட்டோங்க."

பாவாயி கலைமணியின் நோட்டைக் காட்டிச் சொன்னார்: "அப்ப இந்தக் கண்ணு ஊட்டையும் எழுதிக்க சாமி. ஒரு மாசங் கொறையுதாம்."

கலைமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுவதுபோல் பேனாவை அசைத்தாள். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. தண்ணீரும் குடிக்க முடியாது.

21 டிசம்பர், சனி

அறுபத்தொரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண். தாத்தா காலத்தில் குறைந்த மாதங்கள், இன்று குறையும் மாதங்கள். முரளி வாசிக்க, கலைமணி தட்டினாள். நடுவில் இரண்டுமுறை கரண்ட் போனது. மூன்றாவது முறை போவதற்குள் சேமித்துவிட்டாள்.

பதினொன்றே முக்காலுக்கு எண் வந்தது. 0.38.

தாத்தா வீட்டில் இன்னொரு வீட்டைவிட மூன்று மாதம் கூடக் குறைந்திருந்தால், இன்று பேரன் வளரும் வீட்டில் ஏறக்குறைய ஒரு மாதம் கூடக் குறைகிறது. மற்றது தேய்ந்துவிட்டது. அறுபத்தொரு வீட்டை வைத்துக்கொண்டு உலகத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று பலமுறை எச்சரித்தேன். கிழவர்களின் ஞாபகம் தப்பலாம், நாம் கேட்டதும் தப்பலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். பிறகு கலைமணி பழைய தாளைத் திறந்து, நான் போட்ட 0.6-ஐ அழித்துவிட்டு 0.38 என்று அடித்தாள். எஃப்-9 தட்டினாள். ஐந்து மாதத்தில் அவள் அந்த விசையைத் தொட்டது இதுதான் முதல்முறை.

18 ஜனவரி 2003, சனி

ஒரு சபலம். எழுதிவிட்டால் போய்விடும் என்று எழுதுகிறேன்.

குழுவுக்கு அந்த முதல் தாளைக் காட்டினால் எப்படி இருக்கும்? பத்தொன்பது இருபத்துநாலாயிரம், கீழே பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்ற பிழை. அதைவிட நல்ல பாடம் எந்தக் கல்லூரியிலும் இருக்காது. வந்தவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்கள். என் பெயர் நாலு இடத்தில் பேசப்படும். மணிக்கணக்குச் சம்பளம் மாதச் சம்பளமாகக்கூட மாறலாம்.

வகுப்பில் பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தேன். முரளிகூடக் கேலி செய்யவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். காகிதத்தைப் பற்றி அர்த்தனாரி சொன்னது ஞாபகம் வந்தது.

அந்த முதல் தாளை என் கையாலேயே அழித்தேன். நசீபா, உனக்கு இது போதும். போய்த் தூங்கு.

8 பிப்ரவரி, சனி

வந்தவர்கள் மூன்று பேர். துறைத்தலைவர் நான்காவது. அவருக்கு வளைவில் வாந்தி. அதனால் கேள்வி கேட்கும் நிலையில் இல்லை, நல்லதாகப் போயிற்று.

கலைமணிதான் விளக்கினாள்.  நூறு கற்பனைக் குடும்பம், அறுபத்தொரு நிஜக் குடும்பம், ஒரு வேளைச் சோறு, 0.38. குழுவில் வயதான ஒரு பேராசிரியை இருந்தார், ஆரம்பத்திலிருந்து குறிப்பெடுத்துக்கொண்டே. அவர் பேனாவை நிறுத்திக் கேட்டார்: "இவ்வளவு சுத்துவானேன்? எல்லாருக்கும் அரசாங்க வருமானச் சான்றிதழ் இருக்குமே. அதை எடுத்திருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்குமே?"

 துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். நான் கலைமணியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன்.

"அதுல எல்லாரும் சமமுங்க மேடம்" என்றாள் கலைமணி. "சமமா இருக்கறவங்களுக்குள்ள ஏத்த இறக்கம் பாக்க முடியாதுங்களே."

பேராசிரியை மெல்லச் சிரித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டார். அதை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

பொய்யும் சொல்லாமல் காட்டியும் கொடுக்காமல் ஒரே வாக்கியம். எனக்கு வந்திருக்குமா? வந்திருக்காது.

30 ஏப்ரல்

ஆணை வந்துவிட்டது. மையம் தொடர்கிறது. துறைத்தலைவர், "நான் அப்பவே சொன்னேனே" என்றார். சரி, சொன்னதாகவே இருக்கட்டும்.

22 ஜூலை 2006, சனி

புது அணி. இப்போது சான்றிதழ்தான் என் முதல் பாடம். எல்லாரையும் எடுத்து வரச் சொல்வேன், எண்ணை அடிக்கச் சொல்வேன், பிழை வரும். ஒரு நிமிடம் முழிப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். அதற்கப்புறம் என் பழைய பன்னிரண்டாயிரத்தைக் காட்டுவேன். தாளை அங்கேயே அழித்துவிட்டு, ஒரு வேளைச் சோற்றுக்குப் போவோம். வருடம் தவறாமல் பலிக்கிற பாடம் இது ஒன்றுதான்.

பஸ்ஸில் அர்த்தனாரியைப் பார்த்தேன். கலைமணி ஏதோ அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாளாம், இரண்டுமுறை எழுதிக் கிடைக்கவில்லையாம். "விட்டுட்டு வேற வேலையப் பாருன்னா கேக்க மாட்டேங்குது" என்றார். குறைப்பட்டுக்கொள்கிறவர் முகமாக அது இல்லை.

11 ஜூலை 2009, சனி

இன்று என் பாடம் தோற்றுப்போனது.

இருபத்திரண்டு பேர். வழக்கம்போலச் சான்றிதழில் உள்ளதை அடிக்கச் சொல்லிவிட்டு, பிழைக்காகக் காத்திருந்தேன். எல்லாரும் சிரிப்பதற்கு முன்னால் சொல்லவேண்டிய கேலியும் தயாராக இருந்தது. பிழை வரவில்லை. ஓர் எண் வந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். அதே எண்.

தவறாக அடித்திருப்பார்கள் என்று உறைகளை வாங்கிப் பார்த்தேன். பதினாறு பேருக்கு வழக்கமான ஒரே எண். ஆறு பேருக்கு மட்டும் முப்பத்தோராயிரத்து நானூறு, பத்தொன்பதாயிரத்து இருநூறு, இருபத்தேழாயிரத்து எண்ணூற்றைம்பது... ஒன்றைப்போல் ஒன்றில்லை. ஆறு பேரும் பைல் நாடு.

"இது எப்படிம்மா?" என்று அம்சவேணி என்ற பெண்ணைக் கேட்டேன்.

"எங்க ஊருக்குப் புது வி.ஏ.ஓ. அக்கா வந்திருக்காங்க மிஸ். ஊடு ஊடா நடந்து வந்து, எந்த மாசம் ஒரு வேள கொறையுதுன்னு கேட்டுட்டுத்தானுங்க எழுதுனாங்க."

"உதவித்தொகை?"

"வருதுங்க. வரம்ப இப்ப ஒசத்திட்டாங்க, அதுக்குக் கீழதானுங்களே. எங்கப்பாதான் கோவிச்சுக்கிட்டாரு, பக்கத்து ஊட்டுக்காரன விட நமக்குக் கம்மியா எழுதிட்டாங்கன்னு."

சான்றிதழோடு சேர்த்துத் தைத்திருந்த வி.ஏ.ஓ. அறிக்கையைப் புரட்டினேன். கடைசியில் கையெழுத்து. அ. கலைமணி, கிராம நிர்வாக அலுவலர்.

பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தேன். காகிதம் எங்கே போகும் என்று காகிதத்துக்கே தெரியாது என்றார் அர்த்தனாரி. இது சுற்றிச் சுற்றி என் மேசைக்கே வந்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமைக்கு வேறு பாடம் தயாரிக்க வேண்டும்.